கர்ப்ப காலத்தில் வலி மாத்திரை: மூலப்பொருளும் வாரக் கணக்கும்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் வில்லியனூருக்கும், அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் பண்ருட்டிக்கும் வந்து சேரும்போது மருத்துவமனை மாறுகிறது, மருத்துவர் மாறுகிறார், தெருமுனை மருந்துக் கடையும் மாறுகிறது. அவருடைய இரத்த அழுத்தம், ஒவ்வாமை, முன்பு சாப்பிட்ட மருந்துகள் எல்லாம் தெரிந்தவர்கள் அருகில் இல்லாமல் போகும் அந்த ஏழாம் மாதத்தில்தான், வலி மாத்திரைகளில் ஒரு பெரும் பிரிவு கருவிலுள்ள குழந்தைக்கு மிகுந்த ஆபத்தை உண்டாக்கும் காலமும் தொடங்குகிறது. மாத்திரை வாங்கும்போதும், மருத்துவரிடம் பேசும்போதும், வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பழைய அட்டையைத் திறக்கும்போதும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றன்று.

தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூலப்பொருள் எது? இன்று கருவுக்கு எத்தனையாவது வாரம்? இவ்விரண்டில் ஒன்று தெரியாவிட்டாலும், “போன தடவை இதைத்தான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற அனுபவத்தால் பயனில்லை. ஏனெனில் பத்தாவது வாரத்தில் ஒன்றும் செய்யாத ஒரு மாத்திரை முப்பதாவது வாரத்தில் தீங்கு செய்யலாம்.

அட்டையின் பின்புறம்

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர், பின்புறத்தில் பொடி எழுத்தில், ‘ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியவை’ என்ற பொருளில் தொடங்கும் ஆங்கில வரியின் கீழ் அளவோடு அச்சிடப்பட்டிருக்கும். காம்பிஃப்ளாம் அட்டையைத் திருப்பினால் ஐபுபுரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என இரண்டு மருந்துகள் இருப்பது தெரியும். ஜீரோடால்-பி என்பதில் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கின்றன. மாதவிடாய் வலிக்குப் பல பெண்கள் கைப்பையிலேயே வைத்திருக்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனாமிக் அமிலம் 250 மி.கி.யும் டைசைக்ளோமின் 10 மி.கி.யும் இருக்கின்றன. ‘பாராசிட்டமால் சேர்ந்ததுதான், பயமில்லை’ என்று கடையில் சொல்லக் கேட்டு நம்பிவிடக் கூடாது. பாராசிட்டமாலோடு சேர்ந்து வேறு எது வருகிறது என்பதுதான் கேள்வி.

அந்த ‘வேறு எது’ பெரும்பாலும் ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் எனப்படும் பிரிவைச் சேர்ந்ததாக இருக்கும். இனி அவற்றை அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்றே சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம், கீட்டோரோலாக், நிமெசுலைடு, எட்டோரிகாக்சிப், பைராக்சிகாம் ஆகியவை நம் ஊர்க் கடைகளில் அன்றாடம் விற்பவை. இப்பெயர்களை ஒரு தாளில் எழுதி மருந்து டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவைப்பது நல்லது. பொடி எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடினால், அது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள். நடைமுறையில் சீட்டு இல்லாமலும் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்தக் கோட்டை வாங்குகிறவராவது மதித்தாக வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை, பத்து மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் இரண்டு மாத்திரைத் துண்டு. அதில் பெயர் பாதியில் அறுந்திருக்கும், காலாவதித் தேதி கடையில் மிஞ்சிய துண்டோடு போயிருக்கும். கர்ப்பிணிக்கு வாங்கும்போது முழு அட்டையாகவே வாங்குங்கள்; இல்லையேல் மூலப்பொருளின் பெயரையும் அளவையும் காகித உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கடைக்குப் போகிறவர் கர்ப்பிணி அல்லர். கணவரோ, தம்பியோ, மாமனாரோதான் போகிறார். “முதுகு வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்று அவர் கேட்க, எதிரில் நிற்கும் ஆணுக்குத்தான் வலி என்று எண்ணிக் கடைக்காரர் அழற்சி எதிர்ப்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எனவே அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டிய வாக்கியம் இது: “அண்ணே, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு, இருபத்தெட்டு வாரம் ஆகுது. இதுல பாராசிட்டமால் மட்டும்தானே இருக்கு?”

வாரத்தை எப்படிக் கணக்கிடுவது

‘ஆறு முடிந்து ஏழு நடக்கிறது’ என்று நாம் மாதக் கணக்கில் பேசுகிறோம். மருந்து எச்சரிக்கைகள் அனைத்தும் வாரக் கணக்கில் இருக்கின்றன. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது முறை. அது நினைவில் இல்லாதவர்கள் ஸ்கேன் அறிக்கையில் உள்ள பிரசவ உத்தேசத் தேதியை எடுத்துக்கொள்ளலாம். அத்தேதி நாற்பதாவது வாரம் என்பதால், இன்னும் எத்தனை வாரம் மீதமிருக்கிறதோ அதை நாற்பதிலிருந்து கழித்தால் இன்றைய வாரம் கிடைத்துவிடும். உத்தேசத் தேதிக்கு 16 வாரம் இருந்தால் இன்று 24ஆவது வாரம். கிராம சுகாதார செவிலியர் தரும் தாய்-சேய் நல அட்டையிலும் இந்தத் தேதி எழுதப்பட்டிருக்கும்.

இருபதாவது வாரம் முதல் எல்லை. அதன் பிறகு கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரிலிருந்தே உண்டாகிறது. அழற்சி எதிர்ப்பு மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சென்றதும் குழந்தையின் சிறுநீர் குறைகிறது, அதனால் பனிக்குட நீரும் வற்றத் தொடங்குகிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில், 20 வாரமும் அதற்கு மேலும் ஆன கர்ப்பிணிகள் இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது இதனால்தான். 20 முதல் 30 வாரத்துக்குள் தவிர்க்கவே முடியாத நிலையில் மருத்துவரே கொடுத்தாலும், மிகக் குறைந்த அளவில் மிகக் குறைந்த நாள்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்கேன் மூலம் நீரின் அளவைப் பார்ப்பது பற்றி எண்ண வேண்டும் என்பதும் அந்த எச்சரிக்கையில் உண்டு. மருந்தை நிறுத்தினால் நீர் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது என்பதால், உண்மையை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது முக்கியம்.

இரண்டாவது எல்லை கடைசி மூன்று மாதங்கள். கருவிலிருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. எனவே அதன் இதயத்தருகே ஒரு குறுக்குக் குழாய் இரத்தத்தை நுரையீரலுக்குள் போகவிடாமல் வேறு வழியில் திருப்பிவிடுகிறது. பிறந்த பிறகு தானாக மூட வேண்டிய அந்தக் குழாயை இம்மருந்துகள் வயிற்றுக்குள்ளேயே சுருங்கச் செய்துவிடக் கூடும். முப்பதாவது வாரத்துக்குப் பிறகு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்பது 2020க்கு முன்பிருந்தே இருந்த விதி.

முதல் மூன்று மாதங்களில் கருச்சிதைவுக்கும் இம்மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, முடிவாக நிறுவப்படவில்லை. ஆயினும் தவிர்ப்பதே முறை. ஒரு சூழலை மட்டும் தனியே சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போய், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும்போது, ‘தீட்டு வரப்போகிறது’ என்று எண்ணி வழக்கமான மெஃப்டாலைப் போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். கரு தரித்த தொடக்கத்திலும் அதே போன்ற வலி வரும். குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்கள், நாள் தள்ளியிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இப்பிரிவைச் சேர்ந்த ஆஸ்பிரினுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து ஒரு விலக்கு உண்டு. இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்புள்ள கர்ப்பிணிகளுக்கு 75 அல்லது 150 மி.கி. ஆஸ்பிரினை, எக்கோஸ்பிரின் போன்ற பெயர்களில், மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். இது வலிக்காகத் தரப்படுவதன்று. முன்சூல்வலிப்பு எனப்படும் இரத்த அழுத்தக் கோளாறைத் தடுப்பதற்கானது. அழற்சி எதிர்ப்பு மருந்து ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டு இதைத் தாமாக நிறுத்திவிடுவது தவறு.

பாராசிட்டமால்

காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் கர்ப்பத்தின் எல்லா மாதங்களிலும் முதலில் கொடுக்கப்படுவது இதுவே. 500 மி.கி. மாத்திரையானால் ஒரு வேளைக்கு ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு, 650 மி.கி. ஆனால் ஒன்று போதும். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது தாண்டக் கூடாத உச்ச வரம்பு. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சளி, தும்மலுக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. காலையில் சினாரெஸ்ட், மதியம் டோலோ என்று போட்டுக்கொண்டால் தெரியாமலேயே கணக்கு இரட்டித்துவிடும். மேலும் சளி மாத்திரைகளில் சேரும் மூக்கடைப்பு மருந்து கர்ப்பிணிக்கு உகந்ததன்று.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பாராசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசியதும் இங்கே வாட்சப் குழுக்களில் அச்சம் பரவியது. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை என்றே முடித்தது. தேவைக்கு, குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு என்ற பழைய அறிவுரையில் மாற்றமில்லை. காய்ச்சலை அடக்காமல் விடுவதும் ஆபத்தற்ற செயலன்று. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கடும் காய்ச்சல், கருவின் முதுகுத்தண்டு உருவாவதில் ஏற்படும் குறைபாட்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் கரை புரளும் பருவத்தில் கடலூர்ப் பகுதியில் காய்ச்சல்களும் கூடவே வரும். அது டெங்குவா, வேறொன்றா என்று இரத்தப் பரிசோதனை சொல்லும் வரை, உடம்பு வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்து கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். எக்கோஸ்பிரின் சாப்பிடுகிற கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் அதைத் தொடர்வதா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தவறான மருந்து உள்ளே வரும் வாசல்கள்

பல் வலி அவற்றுள் முதன்மையானது. பல் மருத்துவமனைகளில் கெட்டரால் டிடி போன்ற கீட்டோரோலாக் மாத்திரையும் அசிக்ளோஃபெனாக் கலவையும் மிகச் சாதாரணமாக எழுதப்படுகின்றன. வயிறு வெளியே தெரியாத நான்காம், ஐந்தாம் மாதத்தில் நீங்களே சொல்லாவிட்டால் பல் மருத்துவருக்குத் தெரியாது. பல்லுக்குச் சிகிச்சை செய்துகொள்வதில் தவறில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சொத்தையை அடைப்பது கர்ப்ப காலத்திலும் செய்யக் கூடியதே. சிகிச்சையைத் தள்ளிப்போட்டு மாதக் கணக்கில் மாத்திரையில் ஓட்டுவதுதான் கெடுதல்.

அடுத்தது ‘வலி ஊசி’. சிறு கிளினிக்குகளில் இடுப்பில் போடப்படும் அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். ஊசிக்கு அட்டை இல்லை, பின்புறம் இல்லை. எனவே போடுவதற்கு முன்பே என்ன ஊசி என்று கேட்டு, மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மேலே தடவும் களிம்புகளை மருந்தென்றே பலர் எண்ணுவதில்லை. வோலினி போன்றவற்றில் டைக்ளோஃபெனாக்கும் மீதைல் சாலிசிலேட்டும் உண்டு. தோல் வழியே உள்ளே செல்வது குறைவுதான். ஆயினும் இருபதாவது வாரத்துக்குப் பிறகு முதுகு முழுவதும் தினமும் தேய்த்துக்கொள்வதை ஏற்க முடியாது. முந்திரிக் கொட்டை உடைக்க நாள் முழுதும் குத்துக்காலிட்டு உட்காருகிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள் ஆகியோருக்கு வரும் முதுகு வலிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, வயிற்றைத் தாங்கும் பட்டை, இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சி ஆகியவை உண்மையாகவே பயன் தருகின்றன. வேலையில் உட்காரும் முறையை மாற்றாமல் எதைத் தடவியும் பெரிய பலன் இருக்காது. உலோகங்கள் சேர்ந்த செந்தூரம், பற்பம் வகைகளைக் கர்ப்பம் என்று தெரிந்த சித்த மருத்துவர் கொடுத்தால் அன்றி உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

சீட்டோடு வரும் வலுவான மருந்துகள்

டிரமடால், டேப்பெண்டடால், கோடீன் ஆகியவை அபினைப் போலச் செயல்படும் ஓப்பியாய்டு வகை. அல்ட்ராசெட்டில் டிரமடால் 37.5 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் உள்ளன. எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை போன்ற நிலைகளில் சில நாள்களுக்கு மருத்துவர் இவற்றைக் கொடுக்க நேரலாம். பல வாரங்கள் தொடர்ந்தால் குழந்தையும் மருந்துக்குப் பழகிவிடுகிறது. பிறந்தபின் நடுக்கம், அடங்காத அழுகை, பால் குடிக்காமை என அது வெளிப்படும். பிரசவத்தை ஒட்டிச் சாப்பிட்டால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். ஏற்கெனவே நீண்ட காலமாகச் சாப்பிட்டு வருகிறவர் கர்ப்பம் தெரிந்தவுடன் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது; திடீர் நிறுத்தம் தாயையும் கருவையும் ஒருசேரப் பாதிக்கும். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வாசோகிரெய்ன் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எர்காட்டமின் என்ற பெயரைக் காண்பார்கள். அது கருப்பையையும் இரத்தக் குழாய்களையும் சுருங்கச் செய்வது, கர்ப்பத்தில் கூடவே கூடாது. தலைவலி வராமல் தடுக்கச் சிலருக்குத் தரப்படும் வால்புரோயேட், டோபிராமேட், மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மீத்தோடிரெக்சேட் ஆகியவை கருவில் குறைபாடுகளை உண்டாக்கக் கூடியவை. நரம்பு வலிக்கான பிரிகாபலினும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடர வேண்டியது. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரையால் மறைக்கக் கூடாத வலிகள்

இருபதாவது வாரத்துக்குப் பிறகு வரும் கடுமையான தலைவலி, அதனோடு கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், மேல் வயிற்றில் வலி ஆகியவை இருந்தால் மாத்திரை போடும் முன் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டாலே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விட்டுவிட்டு வயிறு கல் போல் இறுகும் வலி குறைப்பிரசவமாக இருக்கலாம். விலாப்புறத்தில் வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்காலில் வலித்தால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். இரத்தப் போக்கோ, குழந்தையின் அசைவு குறைவதோ இருந்தால் காத்திருக்கவே கூடாது, 108ஐ அழையுங்கள். மஞ்சக்குப்பத்திலுள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் ஆகிய இடங்களில் பிரசவப் பிரிவுகள் உள்ளன.

கடலூர் மாவட்டத்தில் பதிவு செய்துகொண்டு ஜிப்மருக்குப் போகிறவர்களும், புதுச்சேரியில் பார்த்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் பிரசவத்துக்கு வருகிறவர்களும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: ஓரிடத்துச் சீட்டு மற்றோரிடத்து மருத்துவருக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, பையையே மருத்துவர் மேசையில் வையுங்கள். நாத்தனார் கொடுத்த மாத்திரையும் அந்தப் பையில் இருக்கட்டும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்

கர்ப்பம் என்று அறியும் முன் ஒன்றிரண்டு அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதற்காகக் கருவைக் கலைப்பது பற்றி எண்ணவே தேவையில்லை. மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு அடுத்த பரிசோதனையில் சொன்னால் போதும். இருபதாவது வாரத்துக்குப் பிறகு இரண்டு நாள்களுக்கு மேல் சாப்பிட்டிருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்துப் பனிக்குட நீரின் அளவை ஸ்கேனில் காண வேண்டுமா என்று கேளுங்கள். மருந்தால் ஒவ்வாமையோ வேறு பக்கவிளைவோ ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அதுவரை விலக்கிவைத்த ஐபுபுரோஃபென் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகவே கலப்பதால் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதாகிவிடுகிறது. சிசேரியன் தையல் வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் கொடுக்கிறார்கள். மாறாக டிரமடாலையும் கோடீனையும் பால் கொடுக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டும் என்று 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அப்பெயர்கள் இருந்தால், ‘பால் கொடுக்கிறேன், வேறு மாத்திரை எழுதித் தர முடியுமா?’ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டிருந்து, குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்கச் சோம்பினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.